முப்பதாவது நாள்

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இறந்தால் எங்கே, எப்போது இறக்கிறார்கள்? கேட்கவே சங்கடமான கேள்விதான். ஆனால் ‘விஷன்’ என்ற பெயரில் நடந்த ஓர் ஆய்வு இதைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தது. 14 நாடுகள், 28 மருத்துவமனைகள், 45 வயதும் அதற்கு மேலும் ஆன 40,004 நோயாளிகள். இதய அறுவை சிகிச்சையை மட்டும் விட்டுவிட்டு மற்ற பல வகைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2019-இல் வெளியான கணக்கு இது: ஆபரேஷன் முடிந்து 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 715 பேர். அதில் தியேட்டருக்குள்ளேயே இறந்தவர்கள் 5 பேர். 500 பேர் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து, மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தார்கள். மீதி 210 பேர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு.

நம்முடைய பயமெல்லாம் அந்த 5 பேர் பக்கம்தான் இருக்கிறது. ‘மயக்க மருந்து கொடுத்தால் திரும்பக் கண் விழிப்பேனா’ என்று கேட்காத நோயாளியை நான் பார்த்ததே இல்லை. ‘பத்தாம் நாள் எனக்கு என்ன ஆகலாம்’ என்று கேட்டவர்களும் ஏறக்குறைய யாருமில்லை.

நான் டாக்டர் இல்லை. அறுவை சிகிச்சை தொடர்பான மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். ஒப்புதல் படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குவது, கேஸ் ஷீட்டைப் புரட்டித் தகவல்களைக் கணினியில் ஏற்றுவது, முப்பதாவது நாள் போன் செய்து எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. இதில் மூன்றாவதுதான் சலிப்பான வேலை என்று புதிதாகச் சேர்கிறவர்கள் நினைப்பார்கள். எண் மாறியிருக்கும், எடுக்க மாட்டார்கள், எடுத்தால் பில் விஷயம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். ஆனால் அந்த போன் இல்லாவிட்டால் மேலே சொன்ன 210 என்ற எண்ணே கிடையாது. மருத்துவமனைப் பதிவேட்டில் அவர்கள் எல்லோரும் ‘நல்ல நிலையில் அனுப்பப்பட்டார்’ என்றுதான் இருந்திருப்பார்கள்.

ஏன் 30 நாள்? உடலுக்குள் அப்படி ஒரு காலண்டர் எதுவும் இல்லை. எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும், எல்லோரும் ஒரே இடத்தில் போட்டால்தான் ஓர் ஆய்வை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். அதன்படி 2019-இல் இன்னொரு குழு உலகம் முழுவதற்கும் ஒரு மதிப்பீடு செய்தது. அறுவை சிகிச்சை முடிந்து 30 நாட்களுக்குள் ஆண்டுதோறும் சுமார் 42 லட்சம் பேர் இறக்கிறார்கள். உலகில் நிகழும் மொத்த இறப்புகளில் இது 7.7 சதவீதம். இதை ஒரு தனி நோயாக எண்ணினால், இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் அடுத்த இடத்தில் வந்து நிற்கும். இந்த இறப்புகள் எல்லாவற்றுக்கும் அறுவை சிகிச்சையே காரணம் என்று அர்த்தமில்லை. முற்றிய புற்றுநோய், வெடித்த குடல், நொறுங்கிய இடுப்பு என்று ஏற்கெனவே ஆபத்தில் வந்தவர்கள் நிறைய. ஆனாலும் எண் எண்தான்.

அப்படியானால் எந்த மருத்துவமனையில் குறைவாக இறக்கிறார்கள், ஏன்? நல்ல கைராசியான சர்ஜன் இருக்கும் இடத்தில் சிக்கல் குறைவாக வரும், அதனால் இறப்பும் குறைவாக இருக்கும் என்றுதான் தோன்றும். 2009-இல் அமெரிக்காவில் அமீர் கஃபேரியும் அவருடைய கூட்டாளிகளும் 84,730 நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். இறப்பு விகிதம் மிகக் குறைவான மருத்துவமனைகளையும் மிக அதிகமானவற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இறப்பு 3.5 சதவீதம், இன்னொரு பக்கம் 6.9. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சரி, சிக்கல்களும் இரண்டு மடங்கு இருக்க வேண்டுமே? இல்லை. 24.6 சதவீதத்துக்கு 26.9 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. எல்லா இடத்திலும் நிமோனியா வருகிறது, ரத்தக்கசிவு வருகிறது, தையல் பிரிகிறது. வித்தியாசம் அதற்கு அப்புறம் நடப்பதில் இருந்தது. பெரிய சிக்கல் வந்தவர்களில் நல்ல மருத்துவமனைகளில் 12.5 சதவீதம் பேர் இறந்தார்கள்; மோசமானவற்றில் 21.4 சதவீதம். சிக்கல் வந்தவரைக் காப்பாற்றத் தவறுவதுதான் இந்த இடைவெளி.

இதைப் படித்தபோது எனக்குப் பல கேஸ் ஷீட்டுகள் நினைவுக்கு வந்தன. வார்டில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதப்படும் அட்டவணையில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். முதல் மூன்றும் ஏறி இறங்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் 20, 20, 20, 20 என்று நேர்கோடாகப் போகும். மனிதர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை. மற்ற மூன்றையும் கருவி சொல்லிவிடும். மூச்சை ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு நர்ஸ் கையில் பத்துப் பதினைந்து படுக்கைகள் இருந்தால் அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வரும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் நோயாளி கெட்டுப்போகத் தொடங்குவதை முதலில் காட்டுகிற அடையாளங்களில் ஒன்று மூச்சுதான். அதைக் கற்பனையாக எழுதிய தாளை வைத்துக்கொண்டு யாரையும் நேரத்தில் காப்பாற்ற முடியாது.

இன்னொரு சிக்கல், வலி நிவாரணிகள் சில செய்திகளை மறைத்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாரடைப்பில் நெஞ்சு வலியே இல்லாமல் போவது சகஜம். ‘பாய்ஸ்’ என்ற பெரிய ஆய்வில் மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 65 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் மட்டும்தான் தெரிந்தது. ‘வலி இருந்தால் சொல்லுங்கள்’ என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பது இங்கே பயன்படாது.

அந்த ‘பாய்ஸ்’ ஆய்வைப் பற்றித்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன், எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை. ஒப்புதல் வாங்கும்போது நோயாளிகள் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. “எனக்கு எது நல்லது என்று டாக்டருக்குத் தெரியாதா? யாருக்கு எந்தச் சிகிச்சை என்று எதற்காகக் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறீர்கள்?” நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதில்: இல்லை, தெரியாது, தெரியும் என்று நினைத்த காலத்தில் என்ன நடந்தது பாருங்கள்.

ஆபரேஷன் சமயத்தில் உடல் பதறுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, அதற்கு ஆக்சிஜன் போதாமல் மாரடைப்பு வருகிறது. ஆகவே துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால்? கேட்கும்போதே சரியாகப் படுகிறது. 1990-களில் வந்த சிறு ஆய்வுகளும் ஆமோதித்தன. வழிகாட்டு நெறிகளில் ஏறியது. உலகம் முழுக்கக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் 23 நாடுகள், 190 மருத்துவமனைகள், 8,351 நோயாளிகள் என்று ‘பாய்ஸ்’ நடந்தது. பாதிப் பேருக்கு மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர், பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

2008-இல் முடிவு வந்தது. மாரடைப்பு உண்மையாகவே குறைந்திருந்தது: 5.7 சதவீதத்திலிருந்து 4.2-ஆக. கோட்பாடு ஜெயித்துவிட்டது. ஆனால் மருந்து வாங்கியவர்களில் 3.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 2.3 சதவீதம். பக்கவாதம் 0.5 சதவீதத்திலிருந்து 1.0-ஆக இரட்டித்திருந்தது. ரத்த அழுத்தம் அளவுக்கு மீறிக் கீழே போனது முக்கியக் காரணம். இதயத்தைக் காப்பாற்றி ஆளைத் தொலைத்த கதை. மாரடைப்பை மட்டும் எண்ணி நிறுத்தியிருந்தால் அது வெற்றி பெற்ற மருந்து.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்வேன். ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிட்டு வருபவர்கள் ஆபரேஷன் என்று சொல்லி அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது வேறு ஆபத்து. ஆய்வு சொன்னது ஆபரேஷனுக்காகப் புதிதாக, அதிக அளவில் தொடங்குவதைப் பற்றி. செய்தித்தாள் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்த் திசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டர், இல்லாத ஆபரேஷன் தியேட்டரை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. ஜப்பானில் டாகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். 1993-இல் டென்மார்க் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வில் 20,802 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு அளவி, பாதிப் பேருக்கு இல்லை என்று பார்த்தார்கள். ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடிப்பது பல மடங்கு கூடியது. ஆனால் இறப்பிலோ சிக்கல்களிலோ வித்தியாசம் காட்ட முடியவில்லை. மயக்க மருந்தால் நேரடியாக இறப்பது அவ்வளவு அபூர்வமாகிவிட்டதால், அதில் வித்தியாசம் காட்ட இருபதாயிரம் பேர் போதாது, லட்சக்கணக்கானவர்கள் வேண்டும். எந்த மயக்க மருந்து நிபுணரும் இந்த ஆய்வைக் காரணம் காட்டி அந்த அளவியைக் கழற்றி வைக்கவில்லை. அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். எதற்கு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதற்கு ஒரே விதி கிடையாது. வலியில்லாத, மலிவான, எச்சரிக்கை மட்டும் கொடுக்கிற கருவி ஒரு வகை. உடலுக்குள் போய் வேலை செய்கிற மருந்து இன்னொரு வகை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவுக்கு வருவோம். ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது.’ இந்த விதியின் வேர்களில் முக்கியமானது 1946-இல் அமெரிக்க மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் எழுதிய கட்டுரை. 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு மயக்கத்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. அதில் இறந்தவர்கள் இருவர். இருவருமே திட உணவு அடைத்து மூச்சுத் திணறி இறந்தவர்கள். தண்ணீரால் அல்ல. ஆனாலும் விதி எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டது. திட உணவு, பால், தண்ணீர் எல்லாம் ஒன்று.

1980-களில் சில மருத்துவர்கள் ஓர் எளிய கேள்வியோடு வந்தார்கள்: குடித்த தண்ணீர் வயிற்றில் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அரை டம்ளர் அளவு தண்ணீர் கொடுத்துவிட்டு, மயக்கம் கொடுத்த பிறகு வயிற்றில் உள்ளதை அளந்தார்கள். தண்ணீர் குடித்தவர்கள் வயிற்றில் கூடுதலாக எதுவும் இல்லை. குடிக்காதவர்களுக்கும் வயிறு அமிலத்தைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. 1999-இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் வழிகாட்டு நெறியை மாற்றியது: தெளிவான திரவங்களை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். தண்ணீர், சக்கை இல்லாத பழச்சாறு, பால் சேர்க்காத காபி, டீ. பால் சேர்த்தால் அது வேறு கணக்கு.

கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னமும் எங்கு பார்த்தாலும் நள்ளிரவு விதிதான் ஓடுகிறது. அதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. ஆபரேஷன் பட்டியல் கடைசி நேரத்தில் மாறும். பதினோரு மணி கேஸ் எட்டு மணிக்கு வந்துவிடும். ஆளுக்கொரு நேரம் கணக்கிட்டுச் சொல்வதைவிட எல்லோரையும் பட்டினி போடுவது நிர்வாகத்துக்கு எளிது. அந்த எளிமைக்கான விலையை எழுபது வயதுப் பாட்டி நாக்கு வறண்டு, தலை சுற்றி, மாலை நான்கு மணி வரை காத்திருந்து கொடுக்கிறார். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை. அதற்காக யாரும் தாமாகக் குடித்துவிட்டுப் போக வேண்டாம். சர்க்கரை நோயால் வயிறு மெதுவாகக் காலியாகிறவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் கணக்கு வேறு. உங்கள் மயக்க மருந்து நிபுணரிடம் ‘தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம்’ என்று கேட்டுவிடுங்கள். அவருக்குக் கட்டாயம் பதில் தெரியும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த வகைக் கேள்விகளையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஹென்ரிக் கெலட் என்ற டென்மார்க் சர்ஜன். குடல் ஆபரேஷன் ஆனவர் ஏன் இன்னும் படுக்கையில் கிடக்கிறார்? வலியா? அப்படியானால் வலியை வேறு விதமாகக் குறையுங்கள். குமட்டலா? அதற்கு வழி பாருங்கள். மூக்குக் குழாயா? அது எதற்கு? குடல் அசையவில்லையா? அதை முடக்குவது நாம் கொடுக்கும் அபின் வகை வலி மருந்துதானே? இப்படி ஒவ்வொரு காரணமாக உரித்துக்கொண்டே போனார். 1995-இல் அவருடைய குழு ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. குடலில் ஆபரேஷன் செய்த, வயதான, ஆபத்து மிகுந்த சில நோயாளிகள் இரண்டே நாளில் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்போதெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருப்பதுதான் வழக்கம். பலர் நம்பவில்லை. டென்மார்க்காரர்கள் பலசாலிகள் என்று கேலி கூடச் செய்திருப்பார்கள்.

2001-இல் ஐரோப்பாவில் சில சர்ஜன்கள் கூடி இதை ஒரு முறையாக வகுக்கத் தொடங்கினார்கள். இன்று ‘ஈராஸ்’ என்ற பெயரில் பரவியிருப்பது அதுதான். பட்டினியைக் குறை, ஊசிவழித் திரவத்தை அளவோடு கொடு, குழாய்களைச் சீக்கிரம் எடு, அன்றே உட்கார வை, மறுநாள் நடக்க வை, சீக்கிரம் சாப்பிட வை. இதில் புதிய மருந்தோ புதிய கருவியோ கிடையாது. பெரும்பாலும் பழைய பழக்கங்களை நிறுத்துவதுதான்.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. இருபது விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால், எது வேலை செய்தது, எது சும்மா கூட வந்தது என்று தெரியாது. திரவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்று ஆபரேஷனில் நரம்பு வழியாகக் கொடுக்கும் சலைனை இறுக்கிப் பிடித்தால் நல்லது என்பது இந்த முறையின் தூண்களில் ஒன்றாக இருந்தது. 2018-இல் 3,000 நோயாளிகளிடம் நடந்த ‘ரிலீஃப்’ ஆய்வு அதைச் சோதித்தது. இறுக்கிப் பிடித்த குழுவுக்கு ஓராண்டு முடிவில் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் 5.0 சதவீதத்துக்குப் பதில் 8.6 சதவீதம். தூண் கொஞ்சம் ஆடியது. சூயிங் கம் மென்றால் குடல் சீக்கிரம் அசையும் என்பதும் இப்படித்தான். சிறு ஆய்வுகள் பரவசமாகச் சொன்னதைப் பெரிய ஆய்வு வந்து ஆறப்போட்டது. மென்றால் கெடுதல் ஒன்றும் இல்லை, மெல்லட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆள் சரியா, உறுப்பு சரியா, இடமா வலமா, ஒவ்வாமை உண்டா, கிருமிக்கொல்லி கொடுத்தாயிற்றா, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்று 19 கேள்விகள். டொரண்டோவிலிருந்து தான்சானியாவின் இஃபகாரா வரை 8 மருத்துவமனைகளில் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்தது. ஐந்து வருடம் கழித்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதே பட்டியலை அரசே கட்டாயமாக்கிய பிறகு என்ன ஆனது என்று பார்த்தார்கள். 0.71-இலிருந்து 0.65. தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத வித்தியாசம். மருத்துவமனைகளோ பட்டியலை 90 சதவீதத்துக்கு மேல் பின்பற்றுவதாக அறிக்கை அனுப்பியிருந்தன.

என் அனுபவத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியும். சர்ஜன் கையுறையோடு நின்று, எல்லோரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, ‘ரத்தம் எவ்வளவு போகலாம்’ என்று வாய்விட்டுப் பேசுகிற தியேட்டரைப் பார்த்திருக்கிறேன். அங்கே சின்ன நர்ஸ் கூட ‘டாக்டர், ஒரு நிமிஷம்’ என்று சொல்லத் தயங்குவதில்லை. இன்னொரு பக்கம், நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே பட்டியலின் மூன்று பகுதிகளுக்கும் டிக் போட்டு முடித்த தாளையும் பார்த்திருக்கிறேன். பஞ்சு எண்ணிக்கை சரி என்று, இன்னும் ஒரு பஞ்சைக் கூடப் பிரிக்காத நேரத்தில்!

பெரிய பேச்சு எதுவும் இல்லாமல் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஓர் ஆய்வு உண்டு. ‘சீட்டா’ என்று பெயர். வயிற்று ஆபரேஷன் முடிந்து தோலைத் தைத்து மூடுவதற்கு முன்னால் எல்லோரும் கையுறையை மாற்றுங்கள், தைக்கும் கருவிகளைப் புதிதாக எடுங்கள். இவ்வளவுதான் யோசனை. பெனின், கானா, இந்தியா, மெக்சிகோ, நைஜீரியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் 81 மருத்துவமனைகள். இங்கே நோயாளிக்கு நோயாளி குலுக்கல் போடவில்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை போட்டார்கள். ஒரே தியேட்டரில் ஒருவருக்குக் கையுறை மாற்று, அடுத்தவருக்கு மாற்றாதே என்றால் யாருக்கும் நினைவிருக்காது, குழப்பமாகிவிடும். 13,301 நோயாளிகள். 2022-இல் முடிவு: காயத்தில் கிருமித் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16.0-ஆகக் குறைந்தது. நூறு பேரில் மூன்று பேர். கேட்கச் சிறியதாக இருக்கும். சீழ் வைத்த வயிற்றுக் காயத்தை ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போக முடியாமல் இருக்கும் ஒரே ஒருவரைப் பார்த்தால் அந்த மூன்று எவ்வளவு பெரியது என்று புரியும்.

அதே நாடுகளில் அதற்குச் சற்று முன்னால் நடந்த இன்னோர் ஆய்வு, கிருமி எதிர்ப்பு மருந்து பூசிய விலை உயர்ந்த தையல் நூல் சாதாரண நூலைவிட மேலானதாக இல்லை என்று கண்டது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். கையுறை மாற்றச் சொல்லும் ஆய்வுக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? நூல் வேலை செய்யவில்லை என்று நிரூபிக்க எந்தக் கம்பெனி முன்வரும்? பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு தேவைப்படுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

மூச்சுப் பயிற்சியும் இதே ரகம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்றில் பெரிய ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரை எடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரு கையேடு கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும், ஆபரேஷனுக்கு முந்தைய சில வாரங்களுக்குள் ஒரே ஒருமுறை, ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்: கண் விழித்ததும் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும், மணிக்கொரு தடவை, காயத்தைத் தலையணையால் அணைத்துக்கொண்டு இரும வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்கு என்ன ஆகும். நிமோனியா போன்ற நுரையீரல் சிக்கல்கள் 27 சதவீதத்திலிருந்து 12-ஆகக் குறைந்தன. படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, திரும்பப் படித்தேன். ஆபரேஷன் முடிந்த பிறகு வலியிலும் மயக்கத்திலும் சொல்லிக்கொடுத்தால் யார் காதில் ஏறும்? முன்னாலேயே சொன்னதில்தான் சூட்சுமம். குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்பு நான்கு வாரம் உடற்பயிற்சி, புரதம் கூட்டிய உணவு, மன ஆதரவு, புகையை விட உதவி என்று செய்து பார்த்த 2023 ஆய்விலும் கடுமையான சிக்கல்கள் 29.7 சதவீதத்திலிருந்து 17.1-ஆக இறங்கின. அது 251 பேர் மட்டுமே கொண்டது. பெரிய ஆய்வுகள் வந்து உறுதி செய்யட்டும்.

சரி, ‘குணமாகிவிட்டார்’ என்று எப்போது சொல்வது? முன்பெல்லாம் சர்ஜன் காயத்தைப் பார்த்துச் சொல்வார். இப்போது பல ஆய்வுகளில் நோயாளியிடமே பதினைந்து கேள்விகள் கேட்கிறோம். நன்றாகத் தூங்கினீர்களா, மூச்சு எளிதாக வருகிறதா, சாப்பாடு ருசிக்கிறதா, உதவியில்லாமல் கழிவறை போனீர்களா, மனது பதற்றமாக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண், மொத்தம் 150. இன்னோர் அளவுகோல் அதைவிட எளிது: 30 நாளில் எத்தனை நாள் உயிரோடு வீட்டில் இருந்தார்? மருத்துவமனையில் நீண்ட நாள் கிடந்தாலும் குறையும், திரும்ப வந்து படுத்தாலும் குறையும், இறந்தால் பூஜ்யம். சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்துவிட்டோம் என்று மட்டும் கணக்குக் காட்டி இந்த அளவுகோலை ஏமாற்ற முடியாது. அதனால்தான் எனக்கு இதன் மேல் ஒரு பிரியம்.

2020-இல், கொரோனா காலத்தில், கனடாவில் 8 மருத்துவமனைகளில் இந்த அளவுகோலை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 905 பேர். டிஸ்சார்ஜ் ஆனவர்களில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே ரத்த அழுத்தம், ஆக்சிஜன் பார்க்கும் கருவிகளைக் கொடுத்து, நர்ஸ் தினமும் வீடியோவில் பேசினார். எல்லோரும் எதிர்பார்த்தது, வீட்டில் இருக்கும் நாட்கள் கூடும் என்று. கூடவில்லை. இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. தினமும் பேசிய குழுவில் ஏறக்குறைய முப்பது சதவீதம் பேரிடம் மருந்துக் குளறுபடிகளைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். மற்ற குழுவில் ஐந்து சதவீதம் அளவில்தான் தெரிய வந்தது. அவர்களிடம் குளறுபடி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. யாரும் பார்க்கவில்லை.

என் முப்பதாவது நாள் போன்களிலும் இதுதான் அதிகம். “தம்பி, நல்லா இருக்கேன், அந்த வயித்துல போடுற ஊசி மட்டும் வலிக்குதுன்னு ரெண்டே நாள்ல நிறுத்திட்டேன்.” அது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஊசி. ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு வேளை சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஆபரேஷனுக்காக நிறுத்தச் சொன்ன சர்க்கரை மாத்திரையைத் திரும்பத் தொடங்கவே இல்லாதவர்கள் உண்டு. கேட்கிற எனக்கு ஒரு சிக்கல். என் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. நானாகக் கேட்டு, நானாகத் திருத்தினால், எந்தக் குழுவில் கேட்டேன் என்பதைப் பொறுத்து ஆய்வே சாய்ந்துவிடலாம். கேட்காமல் இருக்கவும் முடியாது. ஆபத்தானது என்றால் உடனே டாக்டருக்குச் சொல்லிப் பதிவு செய்தாக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் துருவிக் கேட்டால்தானே ஆபத்தா இல்லையா என்றே தெரியும்?

எங்கள் புள்ளியியல் நிபுணரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. “எல்லோரிடமும் கேளுங்கள், இரண்டு குழுவிலும், ஒரே வார்த்தையில், ஒரே வரிசையில். கேட்டதைப் படிவத்தில் சேர்த்துவிடலாம்” என்றார். நெறிமுறைக் குழுவுக்கு எழுதி, திருத்தத்துக்கு அனுமதி வாங்கி, இப்போது அதுதான் கடைசிக் கேள்வி: மருந்துப் பையை எடுத்து வந்து ஒவ்வொரு அட்டையிலும் உள்ள பெயரை வாசியுங்கள், அதை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அழைப்பு முன்பைவிட நன்றாக நீண்டுவிட்டது. மாத்திரை அட்டையில் எழுத்து அவ்வளவு பொடியாக இருக்கிறது. பாதிப் பேர் கண்ணாடியைத் தேடுகிறார்கள், மீதிப் பேர் மகளையோ பேரனையோ கூப்பிடுகிறார்கள்.